பவுடர் ஸ்டீல் கத்தரி: ஐந்து மடங்கு விலைக்கு உள்ளே என்ன இருக்கிறது?

#1 கோவைக்கத்தரி, கோயம்புத்தூர்

எல்லோருக்கும் வணக்கம். பதினான்கு வருடமாகச் சலூன் நடத்துகிறேன். நான்கு நாற்காலி, என்னோடு சேர்த்து மூன்று பேர். இப்போது என் கையில் இருப்பது 440சி என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த 6 அங்குலக் கத்தரி, ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கியது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன வாரம் ஒரு ஏஜென்ட் கடைக்கு வந்து ஜப்பான் கத்தரி ஒன்றைக் காட்டினார். "பவுடர் மெட்டல் சார், சாதா ஸ்டீல் இல்லை" என்றார். விலை 48,000. பெட்டியைத் திறந்தால் கல்யாண நகைப் பெட்டி மாதிரி உள்ளே வெல்வெட். எங்கள் பையன் தலையிலேயே வெட்டிப் பார்த்தேன். உலர்ந்த முடியில் ஸ்லைட் கட் (கத்தரியை முடிமேல் வழுக்கியபடியே வெட்டுவது) போனபோது கொஞ்சம்கூட இழுக்கவில்லை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் புதுக் கத்தரி எதுதான் இழுக்கும்?

என் சந்தேகம் இரண்டு. பொடியை அமுக்கிச் செய்த இரும்பு என்றால் நாளடைவில் உதிராதா? என் மாமா பைக் மெக்கானிக். "ஆயில் பம்ப் கியர் எல்லாம் பவுடரில்தான் வருகிறது, சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் இரண்டாகும்" என்கிறார். இரண்டாவது, இதற்கு நம் ஊரில் யார் சாணை பிடிப்பார்கள்?

#2 மொட்டைமாடி, திருச்சி

48,000 ரூபாய்க்குக் கத்தரி வாங்கினால் கட்டிங் என்ன விலை வைப்பீர்கள் அண்ணா? நான் பழனிக்கே போய்விடுகிறேன்.

#3 உலைக்களம், சேலம்

மாமா சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் சொல்வது வேறு பவுடர்.

பைக் கியருக்கு இரும்புப் பொடியை அச்சில் கொட்டி அழுத்தி, உருகும் அளவுக்குப் போகாமல் உலையில் சூடேற்றுவார்கள். சின்டரிங் என்று பெயர். பொடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆனால் நடுவே நுண்துளைகள் மிஞ்சும். சில புஷ்களில் அந்தத் துளையை வேண்டுமென்றே விட்டுவைத்து எண்ணெய் ஊற வைப்பார்கள். மலிவாக, ஒரே அழுத்தில் பல்சக்கரம் வேண்டும் என்றால் அந்த வழி.

கத்தரிக்கு வருவது வேறு. முதலில் எஃகை வழக்கம்போல முழுசாக உருக்குகிறார்கள். உருகியது மெல்லிய தாரையாக விழும்போது அதிவேக நைட்ரஜனைப் பாய்ச்சிச் சிதறடிக்கிறார்கள். துளித்துளியாகத் தெறித்துக் கீழே விழுவதற்குள் ஒவ்வொன்றும் உறைந்து குட்டி உருண்டையாகிவிடும். அந்தப் பொடியை ஒரு எஃகு டப்பாவில் நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, வாயை வெல்டிங் வைத்து மூடி, ஏறக்குறைய 1,150 டிகிரி சூட்டில் வளிமண்டலத்தைப் போல ஆயிரம் மடங்கு அழுத்தத்தில் எல்லாப் பக்கமும் சேர்த்து நசுக்குவார்கள். ஹிப் என்று சுருக்கமாகச் சொல்வோம். வெளியே வருவது துளையே இல்லாத முழுக்கட்டி. அப்புறம் அதைக் காய்ச்சி அடிப்பதும் உருளையில் விட்டுத் தகடாக்குவதும் மற்ற எஃகுக்குச் செய்கிற வேலைதான். கத்தரியாகிற நேரத்தில் அங்கே உதிர்வதற்குப் பொடி என்று எதுவும் மிச்சமில்லை.

சரி, உருக்கியதைப் பொடியாக்கி மறுபடி கட்டியாக்க ஏன் இந்தச் சுற்று? கற்கண்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாகை அசைக்காமல் நாள்கணக்கில் மெதுவாக ஆறவிட்டால் பெரிய பெரிய படிகமாக வளரும். அதே பாகைச் சட்டென்று ஆற்றிக் கிளறினால் மாவு போலப் பூக்கும். சரக்கு ஒன்றுதான், ஆறிய வேகம்தான் வேறு.

உங்கள் 440சி-யில் கார்பன் சுமார் 1 சதவீதம், குரோமியம் 17. இதைப் பெரிய வார்ப்புக் கட்டியாக ஊற்றி ஆறவிடும்போது கார்பனும் குரோமியமும் சேர்ந்து கார்பைடு என்ற கடினமான துணுக்குகளாகப் பிரியும். மெதுவாக ஆறுவதால் அவை கற்கண்டு மாதிரி வளர்ந்துவிடும். அடித்து நீட்டிய பிறகும் 20, 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துணுக்குகள் வரிசை வரிசையாக மிஞ்சும். தலைமுடியே பெரும்பாலும் 60 முதல் 80 மைக்ரான். நன்றாகத் தீட்டிய கத்தரி விளிம்பின் நுனியோ ஒரு மைக்ரானை ஒட்டியது. அந்த விளிம்பில் 20 மைக்ரான் துணுக்கு ஒன்று உட்கார்ந்திருந்தால் தீட்டும்போது அது பெயரும், இல்லையென்றால் வெட்டும்போது பெயரும். பெயர்ந்த இடம் பொக்கை. முடி சிக்கி இழுப்பது அங்கேதான்.

பவுடர் வழியில் ஒவ்வொரு துளியும் கண்ணிமைப்பதற்குள் உறைகிறது. கார்பைடு வளர நேரமே இல்லை. ஒன்று முதல் மூன்று மைக்ரானில் நின்றுவிடும், எல்லா இடத்திலும் ஒரே சீராகவும் பரவியிருக்கும். நீங்கள் கொடுக்கும் காசு இதற்குத்தான்.

முதலில் இதைச் செய்தது முடிக்காகவோ கத்திக்காகவோ அல்ல. 1970 வாக்கில் அமெரிக்காவில் குரூசிபிள் நிறுவனமும் ஸ்வீடன்காரர்களும் டிரில் பிட், மில்லிங் கட்டர் செய்யும் ஹைஸ்பீடு எஃகுக்காகக் கொண்டுவந்தார்கள். துருப்பிடிக்காத வகைகளும் கத்தி, கத்தரிகளும் பின்னால் வந்து சேர்ந்தவை.

#4 கோவைக்கத்தரி

சார், கற்கண்டு உதாரணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. மாமாவிடம் வாசித்துக் காட்டினேன், "அப்படியா" என்றதோடு சரி.

ஏஜென்ட் "நானோ பவுடர்" என்றும் ஒரு வார்த்தை சொன்னார். அது இதைவிட உயர்ந்ததா?

#5 உலைக்களம்

பொடி உருண்டைகளே பத்து மைக்ரானிலிருந்து நூறு, சில நேரம் அதற்கும் மேலே. உள்ளே இருக்கும் கார்பைடு ஒன்றிரண்டு மைக்ரான். ஒரு மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர். பெட்டிமேல் இருக்கும் "நானோ" பெட்டியோடு போகட்டும்.

எஃகின் பெயரைக் கேளுங்கள். பெயர் தெரிந்தால் பேசலாம்.

#6 சிங்கைத்தோகை, சிங்கப்பூர்

அண்ணா, நான் இங்கே ஒன்பது வருடமாக ஸ்டைலிஸ்ட். பவுடர் ஸ்டீலில் 5.5 அங்குலக் கத்தரி ஒன்று மூன்று வருடமாகக் கையில் இருக்கிறது. என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன், எஃகு அறிவியல் எனக்குத் தெரியாது.

நல்லது: முன்பு வைத்திருந்த கத்தரி நான்கைந்து மாதத்தில் முடியை மடிக்க ஆரம்பிக்கும். இது பதினோரு மாதம் தாங்கியது. அதைவிட முக்கியம், அந்தப் பதினோரு மாதமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெட்டியது. பழையது முதல் மூன்று வாரம் அமிர்தம், அப்புறம் மெல்ல மெல்லச் சரிந்து, கை அதற்கேற்பப் பழகி, கட்டைவிரல் அழுத்தம் கூடி, ராத்திரி மணிக்கட்டு வலிக்கும்போதுதான் கத்தரி மழுங்கியதே தெரியும். நம் தொழிலில் பாதிப் பேருக்குக் கைவலி இப்படித்தான் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கெட்டது: ஒரு நாள் கழுவும் தொட்டி ஓரத்தில் வைத்தது நழுவித் தரையில் விழுந்தது. டைல்ஸ். பழைய கத்தரி விழுந்தால் நுனி லேசாக வளையும், தட்டிச் சரி செய்து தருவார்கள். இது வளையவில்லை. நுனியில் அரை மில்லிமீட்டர் சில்லாகப் பெயர்ந்துவிட்டது. விற்றவர்களிடம் கொடுத்தேன், ஜப்பானுக்கு அனுப்பித்தான் சரிசெய்ய முடியும் என்றார்கள். ஆறு வாரம் கத்தரி இல்லை. திரும்பி வந்தபோது அலகு ஒரு இழை குட்டையாகியிருந்தது. ஒரு மோதிரத்தை அடகு வைத்து மீட்டது போல இருந்தது.

#7 சாணைக்கல், சென்னை

தம்பி கேட்ட இரண்டாவது கேள்வி என் பக்கம் வருகிறது. அப்பா சைக்கிளில் சக்கரம் கட்டித் தெருத்தெருவாகச் சாணை பிடித்தவர். நான் இப்போது சலூன் கத்தரி மட்டும்தான் எடுக்கிறேன். அரிவாள்மனையும் தையல்காரர் கத்தரியும் விட்டு ஏழெட்டு வருடமாகிறது. ஏன் விட்டேன் என்றால் இரண்டுக்கும் ஒரே கை வராது.

தையல் கத்தரியின் வெட்டுவாய் சரிவு பட்டையானது. சக்கரத்தில் காட்டினால் போதும். நல்ல முடிக் கத்தரியின் வெளிப்பக்கம் சிப்பி ஓடு மாதிரி உருண்டு வந்து விளிம்பில் முடியும். ஜப்பான்காரர்கள் அதற்கு ஹமகுரி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அவர்கள் மொழியில் அது ஒரு வகை மட்டி. உள்பக்கம் குழிவாக இருக்கும். அந்தக் குழிவின் ஓரத்தில், விளிம்பை ஒட்டி, நூல் பிடித்தது போல மினுமினுப்பாக ஒரு பட்டை ஓடும். ரைடு லைன் என்போம். இரண்டு அலகும் ஒன்றையொன்று தொடுவது அங்கே மட்டும்தான், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே புள்ளியில். கத்தரி மூடமூட அந்தப் புள்ளி திருகாணி பக்கமிருந்து நுனிக்கு நகரும். மூடிய கத்தரியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நடுவில் மெல்லிய இடைவெளி தெரியும். அந்த வளைவு போனால் கத்தரி போச்சு.

போன ஆடி மாதம் ஒரு பெண் கத்தரி கொண்டுவந்தார். உயர்ந்த ஜப்பான் சரக்கு. யாரோ ஒருவர் பெஞ்ச் கிரைண்டரில் காட்டியிருக்கிறார். வெளிப்பக்கம் பட்டையாகிவிட்டது. பாதகமில்லை, அதைத் திரும்ப உருட்டலாம். ஆனால் பிசிறை எடுக்கிறேன் என்று உள்பக்கத்தையும் சக்கரத்தில் வைத்துவிட்டார். குழிவே இல்லை. நுனியில் நீலம் பாய்ந்திருந்தது. அந்த அம்மா முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? "இதை நான் தொடவில்லை அம்மா, காசும் வேண்டாம்" என்று கொடுத்துவிட்டேன்.

பவுடர் கத்தரி எனக்கு மாதத்துக்கு ஐந்தாறு வருகிறது. சாதா அலுமினியம் ஆக்சைடு கல்லில் சில கத்தரி வழுக்கிக்கொண்டே போகும், கல்தான் தேயும். வைரத் தகட்டில் ஆரம்பித்து, நுண்மையான படியில்தான் தண்ணீர்க்கல்லுக்கு வருவேன். சாதாக் கத்தரிக்கு முக்கால் மணி நேரம், இதற்கு ஒன்றரை மணி நேரம். கூலியும் அப்படித்தான்.

#8 உலைக்களம்

கல் தேய்கிறது என்றால் அந்த எஃகில் வனேடியம் இருக்கிறது. வனேடியம் கார்பைடின் கடினம் விக்கர்ஸ் அளவில் 2,800 பக்கம். அலுமினியம் ஆக்சைடு 2,000 சொச்சம். சாணைக்கல்லைவிடச் சரக்கு கடினம், அப்புறம் எது எதைத் தேய்க்கும்? குரோமியம் கார்பைடு மட்டும் என்றால் 1,800-க்குள் நின்றுவிடும், சாதாக் கல்லே போதும்.

நீலம் பற்றி ஒரு வார்த்தை. இந்த எஃகுகளைத் தோய்ச்சல் போட்ட பிறகு பெரும்பாலும் 200 டிகிரியை ஒட்டித்தான் டெம்பர் செய்வார்கள், அதாவது மறுபடி மிதமாகச் சூடாக்கி ஆறவிடுவார்கள். துருப்பிடிக்காத எஃகில் நீலம் தெரிகிறது என்றால் சூடு அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. 440சி என்றால் அந்த இடம் மெத்தென்று ஆகியிருக்கும். 4 சதவீதம் மாலிப்டினம் உள்ள எஃகு கடினத்தை ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் அந்த இடத்தில் துரு எதிர்ப்பு குறைந்துவிடும். ஆறு மாதம் கழித்து அங்கே புள்ளி புள்ளியாக வரும்.

#9 பனிக்கத்தி, டொராண்டோ

நான் சமையல் கத்தி, மடக்குக் கத்தி சேர்ப்பவன். முடி வெட்டத் தெரியாது, ஆனால் எஃகு தெரியும் என்பதால் மூக்கை நுழைக்கிறேன்.

பவுடரில் போவதென்றால் அரைகுறையாகப் போகாதீர்கள். ஆஸ்திரியாவின் போலர் செய்யும் எம்390 பாருங்கள்: கார்பன் 1.9, குரோமியம் 20, வனேடியம் 4. ஹிட்டாச்சியின் இசட்டிபி-189: கார்பன் 3, குரோமியம் 20. இதன் கடினம் ராக்வெல் அளவில் 65, 66 வரை போகும். 440சி 58, 60-லேயே மூச்சு வாங்கும். என் இசட்டிபி கத்தியை ஒரு வருடமாகத் தீட்டவே இல்லை. கடினம் அதிகம், கார்பைடு அதிகம் என்றால் விளிம்பு அதிக நாள் நிற்கும். கணக்கு அவ்வளவுதான்.

#10 உலைக்களம்

அந்தக் கணக்கு அட்டைப்பெட்டிக்கும் கயிற்றுக்கும் சரி. முடிக்குச் சரியா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

விளிம்பு எப்படிச் சாகிறது என்று முதலில் கேட்க வேண்டும். தேய்ந்து சாகிறதா, மடிந்து சாகிறதா, சில்லுப் பெயர்ந்து சாகிறதா? 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு குழு சவர பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து முடியை வெட்டிப் பார்த்தது. சயன்ஸ் இதழில் வந்தது. முடி எஃகைவிட ஐம்பது மடங்கு மெத்தென்ற பொருள். அது எஃகை எப்படி மழுக்குகிறது என்பதுதான் கேள்வி. எல்லோரும் தேய்மானம் என்று நினைத்திருந்தார்கள். அவர்கள் கண்டது சில்லு. முடி நேராக நிற்காமல் வளைந்து கொடுக்கும்போது விளிம்பைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. எஃகின் உள்கட்டமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில், கடினமும் மென்மையும் அருகருகே இருக்கும் இடத்தில், அழுத்தம் குவிந்து சிறு சில்லு பெயர்கிறது. அந்தப் பொக்கையில் அடுத்த முடி மாட்டுகிறது, அது இன்னொரு சில்லை எடுக்கிறது.

அது பிளேடு, இது கத்தரி. பிளேடு விளிம்பு இன்னும் மெல்லியது, கத்தரியில் எதிர் அலகு முடியைத் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. ஆனாலும் முடி வெட்டுபவருக்கு எது எதிரி என்பதற்கு இது நல்ல குறிப்பு. சீரான கட்டமைப்பு வேண்டும், சில்லுப் பெயராத உறுதி வேண்டும். கார்பைடு மலைபோல் வேண்டும் என்று இல்லை.

இதற்கு இன்னொரு சாட்சி சவர பிளேடு எஃகே. ஸ்வீடனின் ஏஇபி-எல் எஃகில் கார்பன் முக்கால் சதவீதத்துக்கும் குறைவு, குரோமியம் 13. பவுடர் இல்லை, சாதா வார்ப்புதான். ஆனால் கார்பனையும் குரோமியத்தையும் அளந்து போட்டதால் பெரிய கார்பைடு உருவாகவே இடம் கிடைக்காது. விளிம்பு மிக நுண்மையாக வரும். ஆக, நுண்மைக்குப் பவுடர்தான் ஒரே வழி என்பதும் உண்மை இல்லை. நுண்மையும் வேண்டும், 440சி-யைவிட அதிகம் உழைக்கவும் வேண்டும், இரண்டும் ஒரே எஃகில் வேண்டும் என்று கேட்கும்போதுதான் பவுடர் தன் விலைக்கு நியாயம் சொல்கிறது.

என் தேர்வு என்ன என்று கேட்டால், வனேடியம் குறைந்த பவுடர். ஸ்வீடனின் டாமாஸ்டீல் செய்யும் ஆர்டபிள்யூஎல்34 ஒன்று. கார்பன் 1.05, குரோமியம் 14, மாலிப்டினம் 4, வனேடியம் வெறும் 0.2. இது ஜப்பானின் ஏடிஎஸ்-34 எஃகுக்கு ஏறக்குறைய அதே கலவை, பொடி வழியில் வந்தது என்பது மட்டும்தான் வித்தியாசம். அமெரிக்கக் கத்தி வல்லுநர் ராபர்ட் டபிள்யூ. லவ்லெஸ் பெயரின் முதலெழுத்துகளைத்தான் அதற்கு வைத்தார்கள். ஜப்பானில் என்றால் எஸ்ஜி2: கார்பன் 1.3, 1.4 பக்கம், குரோமியம் 15, மாலிப்டினம் 3, வனேடியம் 2. நடுத்தரமான சரக்கு, 62, 63-ல் நன்றாக நிற்கும்.

#11 பனிக்கத்தி

எம்.ஐ.டி. விஷயம் எனக்குப் புதிது. ஒத்துக்கொள்கிறேன், 66 ராக்வெல் கத்தியை நான் எலும்பில் வைக்க மாட்டேன். ஆனால் சார், முடி எலும்பில்லையே? கத்தரி கீழே விழாதவரை 66 என்ன செய்துவிடும்?

#12 சாணைக்கல்

விழாதவரை. சலூனில் கத்தரி விழாத வருடம் எது?

அப்புறம் முடி மட்டும் வெட்டுவதில்லை தம்பி. சீப்புப் பல்லில் இடிக்கும், கிளிப்பில் படும், அவசரத்தில் பிள்ளைகள் கேப் நாடாவை வெட்டுவார்கள், ஸ்ப்ரே காய்ந்த முடி மணல் மாதிரி இருக்கும். சில்லுப் பெயர்ந்த கத்தரியைச் சரிசெய்ய அந்தச் சில்லின் ஆழம் வரை முழு விளிம்பையும் எடுக்க வேண்டும். இரண்டு அலகையும். ஒரு கத்தரிக்கு இருக்கும் சதை கொஞ்சம்தான். மழுங்கினால் ஒரு நூல் எடுப்போம், சில்லானால் பத்து நூல். ஒரு வருடம் தீட்டாமல் ஓடிய பெருமை எல்லாம் ஒரு சில்லில் போய்விடும்.

#13 கொடுமணல், ஈரோடு

ஜப்பான், ஸ்வீடன் என்று எல்லா ஊரையும் சொன்னீர்கள். உலகத்துக்கே உருக்குக் கொடுத்தவர்கள் நாம். சென்னிமலைப் பக்கம் கொடுமணலில் உலை தோண்டி எடுத்திருக்கிறார்கள். டமாஸ்கஸ் வாள் நம் உருக்கு. அதில் கத்தரி செய்தால் பவுடர் எல்லாம் கிட்ட நிற்குமா?

#14 உலைக்களம்

கொடுமணலை நானும் போய்ப் பார்த்தேன், பெருமைப்பட வேண்டிய இடம். ஆனால் இங்கே பாருங்கள்: அந்த வாளில் அலை அலையாகத் தெரியும் கோலமே கார்பைடு வரிசை வரிசையாகத் திரண்டு நிற்பதால் வருவது. பவுடர் எஃகின் வேலையே அந்த வரிசையை ஒழிப்பது. ஒன்றின் அழகு மற்றதற்குக் குறை. அந்தப் பழைய உருக்கு துருவும் பிடிக்கும், சலூன் தண்ணீரில் ஒரு வாரம் தாங்காது.

இப்போது கடைகளில் வரும் டமாஸ்கஸ் கோலம் போட்ட கத்தரி, இரண்டு எஃகை அடுக்கி அடித்து அமிலத்தில் காட்டியது. பார்க்க நன்றாக இருக்கும்.

#15 மல்லிகைபார்லர், மதுரை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். துரு பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்களுக்கு அதுதான் பெரிய தலைவலி. ஸ்டெயின்லெஸ் என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் திருகாணிப் பக்கம் பழுப்புப் புள்ளி வருகிறது. நாங்கள் ஸ்ட்ரெய்ட்டனிங், ஹைலைட்ஸ் நிறையச் செய்கிறோம். பவுடர் ஸ்டீல் என்றால் துருப்பிடிக்காதா?

#16 உலைக்களம்

நல்ல கேள்வி அம்மா. பவுடர் என்பது செய்யும் முறை. துருப்பிடிக்குமா என்பது கலவை. இரண்டும் வேறு. எச்ஏபி40 என்ற ஜப்பான் பவுடர் எஃகு இருக்கிறது, குரோமியம் 4 சதவீதம்தான். கூர் அபாரம், ஆனால் அது துருப்பிடிக்காத எஃகே இல்லை.

குரோமியம் எண்ணை மட்டும் பார்த்தும் ஏமாறக்கூடாது. துருவைத் தடுப்பது எஃகின் உடம்பில் கரைந்திருக்கும் குரோமியம். கார்பைடுக்குள் கட்டுப்பட்ட குரோமியம் அந்த வேலைக்கு வராது. பனிக்கத்தி சொன்ன இசட்டிபி-189-ல் குரோமியம் 20 இருக்கிறது, ஆனால் 3 சதவீதக் கார்பன் அதில் பெரும்பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் 14 சதவீதக்காரரைவிட அது எளிதில் கறை பிடிக்கலாம். சம்பளம் பெரிதுதான், கடன் போக வீட்டுக்கு வருவது எவ்வளவு?

உங்கள் பார்லரில் எதிரிகள்: பிளீச் கலவை, பெர்ம் திரவம், எல்லாவற்றுக்கும் மேலே கிருமிநாசினி என்று வீட்டு பிளீச்சிங் திரவத்தில் ஊறப்போடுவது. அதில் இருக்கும் குளோரின் சமாச்சாரம் நல்ல ஸ்டெயின்லெஸிலும் குழி பறிக்கும். கத்தரிக்கென்று விற்கும் கரைசலில் சொன்ன நிமிடங்கள் மட்டும் வைத்து, கழுவி, துடைத்து, திருகாணியில் ஒரு சொட்டு எண்ணெய். ராத்திரி கத்தரியைத் திறந்து துடைத்த பிறகே உறைக்குள் போடச் சொல்லுங்கள். ஈரத்தோடு தோலுறையில் போனால் எந்த எஃகும் ஒன்றுதான்.

#17 சிங்கைத்தோகை

அக்கா, எண்ணெய் சொட்டு விடும் முன் திருகாணி இறுக்கத்தையும் பாருங்கள். ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதை நன்றாகத் திறந்து விடுங்கள். தானாக இறங்கி மூன்றில் இரண்டு பங்கு மூடி நிற்க வேண்டும். முழுக்க விழுந்தால் தளர்வு, முடி மடியும். பாதியிலேயே நின்றால் இறுக்கம், இரண்டு அலகும் உரசி உரசி ஒன்றையொன்று தின்னும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் தினமும் காலையில் செய்யச் சொன்னார். நான் வாரம் ஒருமுறைதான் செய்கிறேன், சொல்லிவிடாதீர்கள்.

#18 பனிக்கத்தி

வாங்குபவருக்கு ஒரு எச்சரிக்கை. "ஜப்பான் ஸ்டீல்" என்று அலகில் பொறித்திருந்தால் அது எந்த ஊரில் செய்த கத்தரி என்பதற்குச் சாட்சி இல்லை. எஃகு ஜப்பானிலிருந்து வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், கத்தரி எங்கேயோ செய்திருக்கலாம். ஜெர்மனியில் "சோலிங்கன்" என்ற பெயருக்கு 1938-லிருந்தே சட்டப் பாதுகாப்பு உண்டு, அந்த ஊரில் செய்யாததற்கு அதைப் பொறிக்க முடியாது. நம் மீரட் கத்தரிக்கும் 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது தையல் கத்தரி, கதை வேறு.

இன்னொன்று, ஹிட்டாச்சி மெட்டல்ஸ் 2023 ஜனவரியில் புரோட்டீரியல் என்று பெயர் மாறிவிட்டது. யாசுகி ஊரில் அதே எஃகுதான் வருகிறது. இப்போது புதிதாகச் செய்த கத்தரிக்கு "ஹிட்டாச்சி" என்று சான்றிதழ் காட்டினால் தேதியையும் கேளுங்கள்.

காந்தம் வைத்துப் பார்க்கலாமா என்று எனக்குத் தனி மடலில் ஒருவர் கேட்டிருந்தார். பயனில்லை. 440சி-யும் ஒட்டும், பவுடரும் ஒட்டும்.

#19 கோவைக்கத்தரி

பத்து நாளாக எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்று வேலை செய்தேன்.

ஒன்று, ஏஜென்டுக்குப் போன் போட்டு எஃகின் பெயர், எத்தனை ராக்வெல், யார் சாணை பிடிப்பார்கள் என்று கேட்டேன். முதல் இரண்டுக்கு "பிரீமியம் பவுடர் சார், கம்பெனி ரகசியம்" என்றார். மூன்றாவதுக்கு "எங்களிடமே கொடுங்கள்" என்றார். எங்கே வைத்துத் தீட்டுவீர்கள் என்றதற்கு லைன் கட்டாகிவிட்டது.

இரண்டு, என் 440சி-யைச் சாணைக்கல் அண்ணனுக்குக் கூரியரில் அனுப்பினேன். திரும்பி வந்ததும் உலர்ந்த முடியில் ஸ்லைட் கட் போட்டேன். அண்ணா, எட்டு வருடமாக இந்தக் கத்தரி இப்படி வெட்டியதே இல்லை. ஏஜென்ட் காட்டியதற்கும் இதற்கும் என் கைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மூன்று, மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் மழுங்கல் பிடித்த பழைய கத்தரியைப் பூதக்கண்ணாடியில் காட்டினேன். பொக்கை பொக்கையாகத் தெரிந்தது. "ரம்பம் மாதிரி இருக்கிறதே" என்றார்.

#20 சாணைக்கல்

தம்பி, மூன்று வாரம் கழித்துப் பேசுவோம். முதல் நாள் எல்லாக் கத்தரியும் ஒன்றுதான், அந்தத் தங்கச்சி சொன்னதை மறக்காதே. உன் கத்தரியில் ஏற்கெனவே யாரோ உள்பக்கத்தைக் கொஞ்சம் அதிகம் எடுத்திருக்கிறார்கள். இன்னும் நான்கைந்து முறை தாங்கும்.

#21 கோவைக்கத்தரி

சரிதான் அண்ணா. மூன்று வாரம் ஆகிவிட்டது, நேற்றிலிருந்து காது ஓரத்தில் லேசாகப் பிடிக்கிறது. ஒரு நாளைக்கு இருபது தலை. நீங்கள் சொன்ன வித்தியாசம் இப்போதுதான் விளங்குகிறது.

பவுடர் வேண்டாம் என்று முடிவெடுக்கவில்லை. பெயர் சொல்லி விற்பவரிடம், 62-ஐ ஒட்டிய எஸ்ஜி2 மாதிரி ஒன்று கிடைத்தால் எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் ஒரு மாதமாவது கையில் வைத்துப் பார்க்காமல் அவ்வளவு காசைப் போட மனசு வரவில்லை.

#22 சிங்கைத்தோகை

அண்ணா, பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், பொள்ளாச்சிதான். இரண்டு வாரம் லீவு, என் கத்தரி சும்மாதான் இருக்கும். உங்கள் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறேன், பண்டிகைக் கூட்டத்தில் வெட்டிப் பாருங்கள். கடையில் டைல்ஸ் தரையா?

#23 கோவைக்கத்தரி

டைல்ஸ்தான் தங்கச்சி. நாற்காலிக்குக் கீழே இன்றைக்கே ரப்பர் மேட் வாங்கிப் போடுகிறேன்.